கடைமடைக்குப் போகாத ரத்தம்

“ஏழுன்னு நான் சொல்றேன். அஞ்சுதான்னு வீட்டுல சாதிக்கிறா. அந்தப் பொட்டியில பாத்து நீங்க ஒரு தீர்ப்புச் சொல்லிருங்க தாயி” என்றார் தவசி.

மேசை மேல் செவந்தி மல்லாந்து கிடந்தாள். பழுத்த மிளகாய் நிறம், கூர்மூஞ்சி, ஒன்பது வயசு நாய். சிக்கல் கிராமத்தில் இருந்து ராமநாதபுரத்துக்கு மினி வேனில், மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தவள். வழக்கமாகத் தவசியின் எக்ஸ்.எல். வண்டியில், அவர் கால் வைக்கிற இடம்தான் அவளுடைய சிம்மாசனம். இப்போது வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு அதில் அடங்க மாட்டேன் என்றது. அதனால்தான் வேன்.

“குட்டிக்கெல்லாம் ஆள் சொல்லியாச்சு” என்று தவசி தொடர்ந்தார். “வாலிநோக்கம் உப்பளத்துல வாட்ச்மேன் பாக்கர் பாய் ரெண்டு கேட்டிருக்காரு. எங்க சம்பந்தி ஒண்ணு. பரமக்குடியில மிளகா கமிசன் கடைக்காரருக்கு ஒண்ணு.”

“எனக்கு ஒண்ணு எடுத்து வையிங்கய்யா” என்றார் வசந்தகுமார். கிளினிக்கில் ஊசி எடுத்துக் கொடுப்பது, நாயைப் பிடித்துக்கொள்வது, நாய்க்காரர்களைப் பிடித்துக்கொள்வது எல்லாம் அவர் வேலை.

“ஏலே, நீ வரிசையில வா. கடைசியில நிக்கிறே.”

டாக்டர் சத்யப்பிரியா சிரித்துக்கொண்டே ஜெல்லி பாட்டிலை எடுத்தாள். கிளினிக் திறந்து இரண்டாவது வருஷம் நடக்கிறது. ரத்த ஓட்டத்தையே கலரில் காட்டுகிற ஸ்கேன் மிஷினை அவள் வாங்கி வைத்தபோது, “நாய்க்கு எதுக்குமா இவ்வளவு பெரிய டி.வி.” என்று கேட்காத ஆள் இல்லை. குட்டி எண்ணத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். அதுவும் சந்தோஷமான வேலைதான். எத்தனை என்று சொன்னதும் சிலர் லட்டு வாங்கிக்கொண்டு வருவார்கள்.

வயிற்று முடியை மழிக்கிற மிஷினை ஆன் செய்தவள் அப்படியே நிறுத்தினாள். மழிக்க முடியே இல்லை. இரண்டு விலாவிலும் அளந்து வைத்தாற்போல் வழுக்கை. தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, உள்ளே நீல நரம்பு ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது.

சிரிப்பு நின்றுபோனது.

“அய்யா, தண்ணி ரொம்பக் குடிக்குதா?”

“ரொம்பவாவா? தொட்டியவே உறிஞ்சுறா. பிள்ளத்தாச்சிக்குத் தாகம் இருக்கத்தானே செய்யும்.”

“மூச்சு எரைக்குதா?”

“வயித்துப் பாரம்.”

“முடி எப்பருந்து கொட்டுது?”

“பிள்ளத்தாச்சிக்கு முடி கொட்டாதா? என் வீட்டுக்காரி ஈஸ்வரிக்கு மூத்தவன் வயித்துல இருக்கையில பாதி மண்டை காலி.”

அவர் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். சத்யப்பிரியா கருவியை வயிற்றில் வைத்து மெதுவாக நகர்த்தினாள். குட்டிகள் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. கல்லீரல் வீங்கியிருந்தது. அதைக் கடந்து இடது கிட்னிக்குப் போனாள். கிட்னியின் தலைமாட்டில், சாதாரணமாகத் தேடினாலும் சட்டென்று அகப்படாத ஒரு சின்னச் சுரப்பி, இங்கே தானாகவே வந்து முகத்தைக் காட்டியது. வலது பக்கமும் அப்படியே.

“குட்டி இல்லைங்கய்யா.”

தவசி திரையை எட்டிப் பார்த்தார். “எண்ண முடியலையா தாயி, இல்ல குட்டியே இல்லையா?”

“குட்டியே இல்ல.”

வசந்தகுமார் செவந்தியின் தலையைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சத்யப்பிரியா விளக்கினாள். கிட்னிக்குப் பக்கத்தில் அட்ரினல் என்று ஒரு சுரப்பி. வேர்க்கடலை மாதிரி சின்னதாக இருக்க வேண்டியது, இவளுக்குப் பருத்துப்போய் இருக்கிறது. தேவைக்கு மேல் சுரக்கிறது. அதனால்தான் இந்தத் தொந்தி, இந்தத் தாகம், இந்த வழுக்கை. ரத்த அழுத்தமும் ஏறும். ஏறினால் முதல் அடி கிட்னிக்குத்தான்.

“கிட்னிக்கு அடி விழுந்துருச்சா?”

“அதத்தான் இப்பப் பாக்கப் போறோம்.”

கலர் பொத்தானை அழுத்தினாள். சாம்பல் நிறக் கிட்னிக்குள் சிவப்பும் நீலமுமாக ஒரு மரம் கிளை விட்டது. உஷ், உஷ் என்று ரத்தம் ஓடுகிற சத்தம் அறை முழுவதும் கேட்டது. செவந்தியே காதை விடைத்துக்கொண்டு கேட்டாள். திரையின் அடியில் மலை மலையாக அலைகள் எழுந்தன.

“ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு மலை. பாத்தீங்களா? மலை எறங்குனதுக்கப்புறமும் கீழ ஓட்டம் தடிமனா நிக்கணும். இங்கன பாருங்க, எறங்குனதும் சோந்து போயிருது.” எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். “கண்மாய் மடையத் தொறக்கிறீங்க. முதல் வயலுக்குத் தண்ணி பாஞ்சு வருது. ஆனா வாய்க்கா அங்கங்க இறுகிப்போச்சுன்னா...”

“கடைமடை காயும்” என்றார் தவசி.

“அதேதான். அந்த இறுக்கத்துக்கு ஒரு கணக்கு இருக்கு. பாயின்ட் ஏழைத் தாண்டக் கூடாது. இவளுக்குக் கொஞ்சம் தாண்டியிருக்கு. இப்பவே புடிச்சுட்டோம்யா. காப்பாத்திரலாம்.”

அந்தக் கடைசி வார்த்தையை அவள் நம்பித்தான் சொன்னாள்.

மதுரைக்கு ரத்தம் அனுப்பி, நோய் அதுதான் என்று உறுதியானதும் வைத்தியம் தொடங்கியது. சுரப்பியை அடக்க ஒரு காப்ஸ்யூல். அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை. சோற்றில் உப்புக் கூடாது. கருவாடு, மீன் குழம்பு, ஊறுகாய் பட்ட கை எதுவும் ஆகாது. தண்ணீரை மட்டும் நிறுத்தவே கூடாது. கேட்கிற அளவு வைக்க வேண்டும். நாய் வீட்டுக்குள் மூத்திரம் பெய்கிறதே என்று தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அதனால் அதை இரண்டு தடவை சொன்னாள்.

“எழுதித் தரவாய்யா?”

“வேணாம் தாயி. எழுதுனா மறந்துரும்.” விரல் மடக்கி ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை. “நீங்க சொன்னதுல ஒரு இம்மி பெசகாது.”

பிசகவும் இல்லை. அதுதான் வினை.

அடுத்த ஸ்கேனுக்கு வந்தபோது தவசி வாசலிலேயே கத்தினார். “தாயி, இன்னைக்கு எக்ஸ்.எல்லுலயே வந்துட்டோம்! ஏறி உக்காந்துட்டா!” அவ்வளவு தூரம் வெயிலில் ஓட்டி வந்தவருக்கு முகமெல்லாம் புழுதி. செவந்தியின் வயிறு நிஜமாகவே கொஞ்சம் வடிந்திருந்தது. வசந்தகுமாரைப் பார்த்து வாலாட்டினாள். வழுக்கையில் பூனை முடி அரும்பியிருந்தது.

சத்யப்பிரியா கருவியை வைத்தாள். சுரப்பி அடங்கத் தொடங்கியிருந்தது. கிட்னிக்கு நகர்ந்தாள். அளந்தாள். நம்பாமல் வேறொரு கிளையில் அளந்தாள். அடுத்த கிட்னியிலும் அளந்தாள்.

கணக்கு ஏறியிருந்தது. கொஞ்சநஞ்சமல்ல.

“உப்பு ஏதும் சேத்தீங்களாய்யா?”

தவசிக்கு ரோஷம் வந்துவிட்டது. “நல்லாக் கேட்டீங்க! ஈஸ்வரி தனிச்சட்டியில வடிக்கிறா இவளுக்கு. உப்புன்னு ஒரு கல்லு கிடையாது. தெருவுல கருவாட்டு வாசம் வந்தா இவளக் கூட்டிக்கிட்டு நான் களத்துக்குப் போயிருவேன். பாதி நாளு நானே உப்பில்லாமத்தான் திங்கிறேன். இவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படித் திங்கிறது?”

“மாத்திரை?”

“காலையில சோத்து உருண்டைக்குள்ள வச்சு ஊட்டி, தொண்டையத் தடவி விட்டு, முழுங்குனதப் பாத்துட்டுத்தான் நான் காப்பி குடிப்பேன்.”

பொய் சொல்கிற ஆள் இல்லை. அழுத்தத்தை அளந்தால் அதுவும் எகிறிக் கிடந்தது. கிளினிக்கைப் பார்த்துப் பயந்தாலே சில நாய்களுக்கு அழுத்தம் ஏறும். அப்படி இருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாத்திரையைக் கூட்டினாள். ஆனாலும் மனசு ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை அழுத்தம் பார்க்கிற கருவியைப் பையில் போட்டுக்கொண்டு, வசந்தகுமாரின் பைக்கில் சிக்கலுக்கே கிளம்பிவிட்டாள். பழகிய இடத்தில், பயமில்லாமல் இருக்கையில் அளந்து பார்க்கலாம் என்று.

வழி நெடுக இரண்டு பக்கமும் கருவேலம். ஊருக்கு வெளியே களத்தில் குண்டு மிளகாய் சிவப்பாய்க் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பூவரசு நிழலில் கயிற்றுக் கட்டில். அடியில் செவந்தி.

“வாங்க வாங்க! ஏ ஈஸ்வரி, டாக்டரம்மா வந்துருக்காக!”

ஈஸ்வரி களத்து ஓரத்து வீட்டில் இருந்து செம்பில் தண்ணீரோடு வந்தார். ஒல்லியான உடம்பு, கணீர்க் குரல். “இந்த மனுசன் எனக்குக் காய்ச்சல்னா ஒரு மாத்திரை வாங்கித் தந்தது கிடையாது. இவளுக்கு வீட்டுக்கே டாக்டரு வாராக. கொடுத்து வச்ச சிறுக்கி.” சொல்லிக்கொண்டே குனிந்து செவந்தியின் கண்ணில் இருந்த பீளையை முந்தானையால் துடைத்தார்.

தண்ணீர் தித்தித்தது. சத்யப்பிரியா குடித்துவிட்டுக் கருவியை எடுத்தாள். செவந்தி எழுந்து, சோம்பல் முறித்து, நேராகத் தொட்டிக்குப் போனாள். சளப் சளப்பென்று குடிக்க ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை.

“பாத்தீங்களா?” தவசிக்குப் பெருமை. “நீங்க சொன்னதுலருந்து ஒரு நேரங்கூட அந்தத் தொட்டி காஞ்சதில்ல. கரண்டு போயிரும்னு பயந்து, விடிஞ்சதும் மோட்டாரப் போட்டு ரொப்பிருவேன்.”

மோட்டார்.

சத்யப்பிரியா தொட்டியைப் பார்த்தாள். சிமெண்டுத் தொட்டி. தண்ணீர் நிற்கிற மட்டத்தில் உள்சுவரைச் சுற்றி வெள்ளை வெளேரென்று ஒரு வளையம் பூத்திருந்தது. பக்கத்தில் போய்க் குனிந்து, செவந்தியின் வாய்க்குப் பக்கத்திலேயே விரலை விட்டு, நாக்கில் வைத்தாள்.

கரித்தது. ஊறுகாய்ப் பானையைக் கழுவின தண்ணீர் மாதிரிக் கரித்தது.

“இது போர் தண்ணியாய்யா?”

“ஆமா. நூத்தம்பது அடி.”

“இதையா குடுக்கிறீங்க?”

“ஆடு, மாடு, நாய், கோழி எல்லாத்துக்கும் இதான். பாத்திரம் கழுவ, குளிக்க இதான். நல்ல தண்ணி வண்டியில வரும், இல்லாட்டிக் குழாயில என்னைக்காவது வரும். அது நமக்குக் குடிக்க.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். இந்தப் பக்கத்தில் எந்த வீட்டைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சத்யப்பிரியாவின் கிளினிக்கிலேயே குழாயில் வருவது இதுதான். குடிக்கக் கேன் தண்ணீர் வைத்துவிட்டு, ஜெல்லி பிசுபிசுத்த கையை தினமும் அவள் கரிக்கிற தண்ணீரில்தான் கழுவுகிறாள். அவள் பிறந்து வளர்ந்தது பரமக்குடி. வைகை மணலில் ஊறுகிற கிணற்றுத் தண்ணீர். அதையே மாடும் குடிக்கும், மனுசரும் குடிப்பார்கள். எந்தத் தண்ணீர் என்று கேட்கவேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. சோற்றில் ஒரு கல் உப்பு கூடாது என்று பாடம் எடுத்தவள், குடம் குடமாக உப்பைக் குடிக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். நோயில்லாத நாய்க்கு அது ஒன்றும் செய்யாமல் போயிருக்கலாம். தொட்டியையே உறிஞ்சுகிற நாய்க்கு?

“அய்யா... இனிமே நல்ல தண்ணி குடுங்க.”

தவசி நிமிர்ந்தார். “அப்ப இது?”

“இதுல உப்பு இருக்கு. கேக்காம விட்டது என் தப்பு. உங்க மேல ஒண்ணுமில்ல.”

அவர் தொட்டியைப் பார்த்தார். செவந்தியைப் பார்த்தார். அவள் இன்னும் குடித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று குனிந்து இரண்டு கையாலும் அவளைத் தொட்டியில் இருந்து இழுத்தார். விளையாட்டு என்று நினைத்து அவள் அவர் கையை நக்கினாள்.

ஈஸ்வரி வீட்டுக்குத் திரும்பினார். உள்ளே போய், அலுமினியக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். தொட்டியின் அடைப்பை உருவிவிட்டார். உப்புத் தண்ணீர் வாய்க்கால் பக்கம் ஓடி மறைந்ததும், குடத்தைக் கவிழ்த்தார்.

“எனக்கும் அவருக்கும் சேத்து ஒரு கொடம். மகாராணிக்குத் தனியா மூணு. ஊருல கேட்டா காறித் துப்புவாளுக” என்றார். குரலில் எப்போதும் இருக்கிற கணீர் இல்லை.

அழுத்தம் வீட்டிலும் எகிறித்தான் இருந்தது.

அதற்கப்புறம் தினமும் போன் வந்தது. நல்ல தண்ணீர்தான் குடிக்கிறாள் என்று தவசி சொல்வார். வண்டி வராத அன்றைக்குப் பக்கத்து ஊருக்கு எக்ஸ்.எல்லில் கேன் கட்டிக்கொண்டு போய் வந்ததைச் சொல்வார். பின்னால் இருந்து ஈஸ்வரி, “நான் நல்ல தண்ணி குடிச்சே மூணு நாளாச்சுன்னு சொல்லுங்க” என்று கத்துவார். சிரிப்பார்கள். சத்யப்பிரியாவும் சிரிப்பாள். வைத்துவிட்டுக் கையில் போனோடு அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

பிறகு ஒருநாள் ஈஸ்வரியே போன் செய்தார். “திங்க மாட்டேங்குறா டாக்டரம்மா. ரெண்டு நாளா வாந்தி. அவருதான் உங்ககிட்டச் சொல்ல வேணாம்னுட்டாரு, நீங்க சங்கடப்படுவீகன்னு.”

மறுபடியும் மினி வேன். இந்த முறை தவசி செவந்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, கிட்னி வெளியேற்ற வேண்டிய அழுக்கெல்லாம் ரத்தத்திலேயே தேங்கியிருந்தது. சத்யப்பிரியா ஸ்கேனை வைத்தாள். முதல் ஸ்கேனில் கிளை விட்டிருந்த மரம் இப்போது பட்டுப்போய் நின்றது. தண்டில் மட்டும் நிறம். கிட்னியின் ஓரம் முழுக்க இருட்டு. அலைகள் ஊசி ஊசியாக எழுந்து, மறு ஊசி வரும்வரை கீழே ஒன்றுமே இல்லாமல் கிடந்தன.

தவசிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. “காஞ்சுபோச்சு” என்றார்.

“ட்ரிப் போடலாம்யா. பாக்கலாம்.”

காப்ஸ்யூலை நிறுத்தினாள். நிறுத்தினால் சுரப்பி மறுபடி ஆடும். கொடுத்தால், கிட்னிக்குப் போகிற கொஞ்ச நஞ்ச ஓட்டமும் குறையும். சுரப்பியின் ஆட்டம்தான் இத்தனை நாளும் கிட்னியை உதைத்து உதைத்து ஓடவைத்தது. அதை அடக்கியதும் உள்ளே இருந்த பழுது வெளியே வந்துவிட்டதோ என்னவோ. படிக்கும்போது புத்தகத்தில் ஒரே ஒரு வரியாக வந்த விஷயம். மேசையில் அந்த ஒரு வரி மூச்சிரைத்துக்கொண்டு படுத்திருந்தது.

தினமும் காலையில் வேனில் வந்து, ட்ரிப் ஏற்றி, சாயங்காலம் திரும்பினார்கள். தவசி பாட்டிலைப் பார்த்துக்கொண்டே முக்காலியில் உட்கார்ந்திருப்பார். சொட்டு நின்றால் ஓடிவந்து சொல்வார். மூன்றாம் நாள் சத்யப்பிரியா தன் பேராசிரியருக்குப் படங்களை அனுப்பிவிட்டுப் போன் செய்தாள். அவர் நல்ல மனுஷர். அவளுக்கு ஸ்கேன் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்.

“படம் ரொம்பச் சுத்தமா வந்திருக்கும்மா. அந்த அலையெல்லாம் அவ்வளவு தெளிவு! மூணு கட்டமும் வரிசையா இருக்கு. இப்படி ஒரு கேஸ் கெடைக்கிறது அபூர்வம். பத்திரமா வச்சுக்க.”

“சார், என்ன செய்யலாம்?”



“நீ செய்யறதத்தான் நானும் செஞ்சிருப்பேன்” என்றார்.

அன்று சாயங்காலம் ஊசியைக் கழற்றிவிட்டுத் தவசியைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டாள். இப்படியே விட்டால் செவந்தி கஷ்டப்படுவாள், தூக்கத்திலேயே போவதற்கு ஓர் ஊசி இருக்கிறது என்று, எத்தனையோ பேரிடம் சொன்ன வாக்கியத்தைத் தொடங்கினாள். தவசி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கிற முகம். போடுங்கள் என்று சொன்னால் தூக்கிக்கொண்டு வந்து படுக்க வைப்பார். ஒரு இம்மி பிசகாது. தண்ணீர் கொடுக்கச் சொன்னபோதும் இதே முகம்தான்.

வாக்கியம் பாதியில் நின்றது.

“சொல்லுங்க தாயி. என்ன செய்யணும்?”

“வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கய்யா. நிழல்ல படுக்க வையிங்க. தின்னா எது வேணும்னாலும் குடுங்க.”

“உப்பு?”

“பரவால்ல. எது புடிக்குதோ குடுங்க.”

அந்த ‘பரவால்ல’ அவருக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் விரலை மடக்கினார். நிழல். எது பிடித்தாலும். மூன்றாவது விரலை மடக்காமல் நிறுத்திக்கொண்டு கேட்டார்: “அடுத்து எப்பக் கூட்டிட்டு வரட்டும்?”

அடுத்து என்று ஒன்று கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

“வியாழக்கெழம” என்றாள்.

மூன்றாவது விரலும் மடங்கியது.

வியாழக்கிழமை கிளினிக்கில் கூட்டம். வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு நாலு நாய், காதில் சீழ் வைத்த ஒரு பொமரேனியன். வசந்தகுமார் எட்டிப் பார்த்து, “மேடம், சிக்கல் அய்யா வந்திருக்காரு” என்றார். குரலை வைத்தே அவள் புரிந்துகொண்டாள். முன்பென்றால் “செவந்தி வந்திருக்கு” என்றுதான் சொல்வார்.

தவசி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் ஒன்றும் இல்லை. முக்காலியில் உட்காராமல் நின்றார்.

“நேத்துக் காலையில போயிட்டா தாயி. களத்து ஓரமா, பூவரசுக்குக் கிழக்காலப் பொதச்சுட்டோம். ஈஸ்வரி கருவாடு வறுத்துப் போட்டா. மோந்து பாத்தா. திங்கல.”

“போன்ல சொல்லியிருக்கலாமேய்யா. இவ்வளவு தூரம்...”

“வியாழக்கெழம வரச் சொன்னீங்கள்ல. வராம இருந்தா நீங்க பாத்துக்கிட்டு இருப்பீக.”

சத்யப்பிரியா கையுறையைக் கழற்றினாள். கழற்றிய கையுறையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

தவசி திரையைப் பார்த்தார். அது அணைந்து கிடந்தது. “ஒண்ணு கேக்கணும். ஈஸ்வரி கேக்க வேணாம்னா. கேட்டுட்டுப் போயிர்றேன்.”

“கேளுங்கய்யா.”

“அந்தத் தொட்டித் தண்ணிதானா?”

அந்த மூன்று ஸ்கேனையும் அவள் பல தடவை போட்டுப் பார்த்துவிட்டாள். எவ்வளவு ரத்தம் போகிறது என்று மிஷின் சொல்லும். எங்கே இறுகியிருக்கிறது என்று சொல்லும். எதனால் என்று சொல்லாது. நோயே அதன் வழியில் போய் முடித்திருக்கலாம். அவள் கொடுத்த காப்ஸ்யூல் அவசரப்படுத்தியிருக்கலாம். தொட்டித் தண்ணீராகவும் இருக்கலாம். மூன்றும் கைகோத்திருக்கலாம். இல்லை என்று சொன்னால் ஆறுதல். ஆனால் அதைச் சொல்வதற்கு அவளிடம் ஒன்றுமே இல்லை.

“தெரியலய்யா” என்றாள். “நெசமாவே தெரியல.”

தவசி தலையாட்டினார். நல்ல பதில் கிடைத்த மாதிரிதான் முதலில் ஆட்டினார். பிறகு தலை மெதுவாக நின்றது.

“ஆமான்னா என் மேல போட்டுக்கிருவேன். மோட்டாரப் போட்டது நாந்தானே. இல்லைன்னா சாமி மேல போட்டுட்டு நடையக் கட்டிருவேன். தெரியலைன்னா யாரு மேல தாயி போடுறது?”

“என் மேல போடுங்கய்யா.”

“அதெப்படி?” என்றார், நிஜமாகவே புரியாமல். “நீங்க அவ்வளவு தூரம் வீட்டுக்கு வந்து பாத்தீகளே.”

வெளியே பொமரேனியன் வீல் வீல் என்று கத்தியது. வசந்தகுமார் அதை அடக்குகிற சத்தம். தவசி வேட்டியை மடித்துக் கட்டினார்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு. வண்டிய ஈஸ்வரி தரமாட்டேன்னுட்டா, இந்த மனசோட ஓட்ட வேணாம்னு. போகட்டுமா?”

“போங்கய்யா. பஸ்ஸ விட்ரப் போறீங்க.”

சொன்னதும் போய்விட்டார். அவள் சொன்ன எதை அவர் செய்யாமல் இருந்திருக்கிறார்?

வசந்தகுமார் பொமரேனியனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். “சிக்கல் பஸ்ஸு இப்பத்தான மேடம் போச்சு. அடுத்தது மத்தியானம்தான். அய்யா என்ன அவசரமாப் போறாரு?”

சத்யப்பிரியா ஜன்னலுக்குப் போனாள். எதிரே டீக்கடைப் பந்தலுக்கு வெளியே, வெயிலில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தவசி நின்றிருந்தார். டீக்கடைக்காரர் பெஞ்சைக் காட்டி உள்ளே கூப்பிட்டார். அவர் வேண்டாம் என்று கையசைத்தார். ஒரு பக்கம் வழி பார்த்தார். பிறகு மறு பக்கம் பார்த்தார்.

கூப்பிட்டால் உடனே வருவார். நிழலில் உட்காரச் சொன்னால் உட்காருவார். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அவள் வாயைத் திறந்தாள். அதற்கு மேல் அவரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

“மேடம், இதுக்குக் காது” என்றார் வசந்தகுமார்.

அவள் வந்து கையுறையை மாட்டினாள்.